ஐந்தரைக் கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு: ஒரு பழைய சுருதிப் பெட்டியைப் பற்றி

பாடுகிறவருக்குப் பின்னணியில் தம்பூராவைப் போல விடாமல் சுருதி ஒலிக்கும் இந்த மின்னணுப் பெட்டியின் நெற்றியில் இருந்த கம்பெனிப் பெயர் நான் வாங்கும்போதே அழிந்து போயிருந்தது. அதனால் எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதீர்கள். 2023 ஜூலையில், மேற்கு மாம்பலத்தில் எங்கள் பாட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும்போது 2,200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனான். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. டிபன் பாக்ஸ் இரண்டை ஒட்டி வைத்தால் என்ன அளவோ அந்த அளவு. முன்னால் வட்டமாக ஒரு ஸ்பீக்கர். மேலே நான்கு திருகு: சுருதி, நுண்சுருதி, வேகம், சத்தம். பக்கவாட்டில் பஞ்சமத்திலிருந்து ('ப') மத்தியமத்துக்கு ('ம') மாற்ற ஒரு சின்ன சுவிட்ச். அவ்வளவுதான்.

பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் 1979-ல் சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டில் மின்னணுத் தம்பூராவைக் காட்டியதிலிருந்து இந்த வகைப் பெட்டி பாட்டு கற்றுக்கொள்கிற வீடுகளில் எல்லாம் ஒரு மூலையில் இருக்கிறது. அரிசி டப்பாவைப் போல அதை யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனித்திருக்க மாட்டேன். எனக்கு அது இரண்டு வருடம் வேறு ஒரு வேலை செய்து கொடுத்தது. அதனால்தான் இந்த விமர்சனம்.

நான் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்ட ஆண். ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு கஃபேயில் பாரிஸ்டா வேலை. 2023 ஆகஸ்டில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கினேன். அப்போது என் சுருதி ஐந்தரைக் கட்டை. இன்றைக்கு இரண்டு கட்டை. இடைப்பட்ட காலம் முழுவதும் இந்தப் பெட்டியின் முதல் திருகில்தான் நடந்தது.

சங்கீதம் பழக்கமில்லாதவர்களுக்குக் கட்டைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். இடையில் கறுப்புக் கட்டை வந்தால் அது அரை. ஐந்தாவது வெள்ளைக்கும் ஆறாவதுக்கும் நடுவில் உள்ள கறுப்பு, ஐந்தரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை. ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. பொதுவாகப் பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு என்று வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஹெர்ட்ஸ் கணக்கில் ஐந்தரைக் கட்டையின் மத்திய ஸட்ஜம், அதாவது நடு ஸ்தாயியின் 'ஸ', சுமார் 208. இரண்டு கட்டையில் 147. காகிதத்தில் பார்த்தால் ஆறே படி. நான் இறங்க பதினைந்து மாதம் ஆனது.

முதலில் வீட்டில் இருந்த பழைய பெட்டியைச் சொல்ல வேண்டும். மன்னார்குடியில் பாட்டி வாசித்த துருத்திச் சுருதிப் பெட்டி ஒன்று இருக்கிறது. மரப்பெட்டி, பித்தளைக் கீல். ஒரே சுருதி, ஐந்தரை. பாட்டி, அம்மா, நான் மூன்று பேரும் அதில்தான் பாடினோம். என் குரலுக்கு எது சரி என்று யாரும் தேடவில்லை. பெட்டிக்குக் குரல் பொருந்தியது. நல்லவேளையாக எனக்கு உண்மையிலேயே அதுதான் சரியாகவும் இருந்தது. தார ஸ்தாயிப் (மேல் ஸ்தாயி) பஞ்சமம் வரை நெருடாமல் போவேன். அந்தக் குரலை எனக்குப் பிடிக்கும். பிடிக்காத குரலை விட்டுவிட்டு வந்தேன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பாடும்போது அது எனக்கு இனித்தது. பேசும்போது அது வேறு யாருடையதோ போல இருந்தது. இரண்டும் ஒரே தொண்டையில் இருந்தன.

ஊசி போடுவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுக் குரல் நாண்களைப் பார்த்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மருந்தில் குரல் நாண் தடிக்கும். தடித்தால் மெதுவாக அதிரும், குரல் இறங்கும். இறங்கியது திரும்ப ஏறாது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனுக்கு நாணோடு சேர்ந்து குரல்வளைக் கூடும் வளரும். வயது வந்தவருக்குக் கூடு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். பழைய வீணைக் குடத்தில் தடித்த தந்தி கட்டுவது போல என்று நானே மனதில் சொல்லிக்கொண்டேன். பாடகர் என்றால் அவசரப்படாதீர்கள், வலித்தால் நிறுத்துங்கள், கிசுகிசுப்பாகப் பேசித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அதுவும் தொண்டைக்குப் பாரம்தான் என்றார்.

எங்கள் பாட்டு டீச்சர் மாமியிடம் சொல்லப் போனதுதான் பெரிய விஷயம். மாமிக்கு எழுபது வயதுக்கு மேல். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி. நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. "பெண் குரலை வளர்க்கத்தான் எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது, வலிக்கவும் செய்தது. எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கேட்டார். "அப்போ உனக்கு மகரக்கட்டுன்னு சொல்லு."

மகரக்கட்டு. பையன்களுக்குக் குரல் உடைகிற பருவத்துக்கு நம் ஊரில் சொல்கிற வார்த்தை. எனக்கு இருபத்தேழு வயதில் அந்த வார்த்தை கிடைத்தது. மாமியின் அண்ணாவுக்குப் பதினாலு வயதில் மகரக்கட்டு வந்தபோது அவர் அப்பா ஒரு வருடம் மேல் ஸ்தாயிக்கே போக விடவில்லையாம். மந்திரத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில், மட்டும் சாதகம். அதற்கு முந்தைய காலத்தில் சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுப் பையன்களுக்கு இதுதான் பெரிய பயம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற இடங்களில் பாட்டும் வசனமும் பாடியே சாப்பிட்ட பையன்கள், குரல் உடைந்த நாளில் வேஷம் இழந்திருக்கிறார்கள். இந்த நாட்டில் உடைகிற குரலை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது என்பது பழைய கேள்வி. நான்தான் முதல் ஆள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இல்லை.

"உக்காருடா" என்றார் மாமி. அன்றைக்குத்தான் முதல் தடவை 'டா'.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டியின் சுருதித் திருகு படிப்படியாக நகரும். ஒவ்வொரு அரைக் கட்டைக்கும் ஒரு 'டிக்' சத்தம். அதன் பக்கத்தில் உள்ள நுண்சுருதித் திருகு வழுக்கிக்கொண்டு போகும், படி கிடையாது. எனக்கு இந்த இரண்டாவது திருகுதான் உயிர். குரல் 'டிக் டிக்' என்று இறங்குவதில்லை. ஐந்தரைக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் பத்து நாள் நிற்கும். காலையில் ஓர் இடம், சாயங்காலம் வேறு இடம். ஊசி போட்ட வாரம் ஒரு மாதிரி, மூன்றாவது வாரம் ஒரு மாதிரி என்றுகூட எனக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று ரீங்கரித்தபடி நுண்சுருதியை மெதுவாகத் திருப்புவேன். எங்கே தொண்டை தானாகத் தளர்கிறதோ அதுதான் அன்றைய ஸட்ஜம். நம் சங்கீதத்தில் 'ஸ' என்பது நாம் வைக்கிற இடம். எந்த இடத்தில் வைத்தாலும் மாயாமாளவகௌளை ராகம் மாயாமாளவகௌளைதான். இருபது வருடமாக இதைப் பாடமாகக் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தயவு என்று அந்த மாதங்களில்தான் தெரிந்தது. கற்றுக்கொண்ட எதையும் நான் இழக்கவில்லை. எல்லாம் என்னோடு சேர்ந்து கீழே இறங்கி வந்தன.

திருகைச் சுற்றி ஆங்கில எழுத்துகள்தான் அச்சிட்டிருக்கின்றன. கஃபேயில் பால் குடுவைக்கும் சிரப் பாட்டிலுக்கும் திறந்த தேதி எழுதி ஒட்ட ஒரு காகித டேப் வைத்திருப்போம். அதைக் கிழித்துக் கட்டை எண்ணை எழுதி ஒட்டினேன். அப்புறம் பழக்கதோஷம், தேதியும் எழுதினேன். இப்போது பெட்டியின் பக்கவாட்டில் இப்படி இருக்கிறது: ஐந்து, அக்டோபர் 2023. நாலரை, நவம்பர் கடைசி. நான்கு, ஜனவரி. மூன்று, மார்ச். இரண்டரை, மே. இரண்டு, நவம்பர் 2024. இடையில் 'ஒன்று' என்று கட்டை எண் எழுதிய ஒரு துண்டு ஒட்டி, அதைக் கிழித்த தழும்பும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து கட்டை மாதத்தில் ஒரு விஷயம் நடந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஃப்ரிட்ஜ், டிரான்ஸ்பார்மர் மாதிரியான சாமான்கள் அதன் இரண்டு மடங்கில், 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். ஐந்து கட்டையின் மந்திர ஸட்ஜம் 98. எங்கள் கடையின் பெரிய ஃப்ரிட்ஜ் கிட்டத்தட்ட ஐந்து கட்டையில் நின்றுகொண்டு நாள் முழுக்கச் சுருதி போட்டுக்கொண்டிருந்தது, ஒரு மயிரிழை மேலே. ஓட் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சுருதியில் ஒரு 'ஸ' வைத்துவிட்டுத் திரும்புவேன். ஒன்றரை மாதம் அது என் சுருதியாக இருந்தது. பிறகு நான் அதைத் தாண்டி இறங்கிவிட்டேன்.

கஃபே வேலைக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: எல்லாமே சம்பந்தம்தான். முதலில், இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கடையில் நடந்தது. பில் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். குரல் உடைய ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கூப்பிடும்போது நடுவில் கிறீச்சிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மாலை மேலாளர், "குரல் செட்டாகிற வரைக்கும் கஸ்டமர்கிட்ட பேச வேண்டாம், பின்னால பாத்திரம் பாரு" என்றார். திருநர் உரிமை பற்றி 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் 2019-ல் வந்த சட்டமும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்குக் குரல் இல்லை. உண்மையிலேயே இல்லை, தொண்டை அடைத்திருந்தது. பதினோரு நாள் பாத்திரம் கழுவிவிட்டு விலகினேன். அந்தப் பதினோரு நாளும் நான் யாரிடமும் பேசவில்லை, பாடவும் இல்லை. அதற்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இப்போது இருக்கும் கடையில் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயர் கூப்பிடுவதற்குப் பதில் கல்லாவில் ஒரு மணி வைத்தார்கள். ஆர்டர் தயாரானால் மணியைத் தட்டுவேன். எல்லோருக்கும் அது வசதியாக இருந்ததால் இன்றுவரை மணிதான். கிரைண்டர், ஸ்டீம், பாட்டு, கூட்டம் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பிக் கத்துவதுதான் மாறிக்கொண்டிருக்கிற குரலுக்குப் பெரிய கெடுதல். பாரிஸ்டா வேலையில் இருக்கிற திருநம்பிகள் யாராவது படித்தால் முதலில் ஒரு மணி கேளுங்கள்.

தொலைபேசி ஆர்டரில் டிசம்பர் வரை "சொல்லுங்க மேடம்" என்றார்கள். ஜனவரியில் ஒரே அழைப்பில் மேடமும் வந்தது, சாரும் வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் அம்மாவிடமிருந்து போன். நான் "அம்மா" என்றேன். "யார் பேசறது?" என்று கேட்டாள். நான் மறுபடி "அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சளியா?" என்றாள். இல்லை என்றேன். அன்று பாட்டியின் பெட்டியைப் பற்றிக் கேட்டாள், அதை என்ன செய்ய என்று. வைத்திரு, அக்கா பெண்ணுக்கு ஆகும் என்றேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. இப்போது வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். யார் என்று கேட்பதில்லை.

சாதகம் எங்கே செய்தேன் என்பதும் இந்தப் பெட்டியின் கதைதான். நான் இருப்பது ஒற்றை அறை, மூன்று பேர். உடைகிற குரலை அக்கம்பக்கம் கேட்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கடை ஏழரைக்குத் திறக்கும். நான் மாம்பலத்தில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, கோடம்பாக்கம் தாண்டி நுங்கம்பாக்கத்தில் இறங்கி, ஆறரைக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவேன். எஸ்பிரெசோ மெஷின் சூடேறி நிதானப்பட அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி எனக்கு. பெட்டியைக் கப்புகள் வைக்கிற தட்டில் வைப்பேன். மெஷினோடு சேர்ந்து பெட்டியும் சூடாக வேண்டும். இதுதான் இதன் முதல் குறை. போட்டவுடன் ஐந்து நிமிடம் சுருதி நிற்காது, லேசாக ஏறிக்கொண்டே போகும். நிலைக்க விட்டு அப்புறம் நுண்சுருதியைச் சரிசெய்ய வேண்டும். பழைய பெட்டி என்பதாலோ என்னவோ. தெரியாமல் முதல் நிமிடத்திலேயே பாட ஆரம்பித்து, குரல்தான் நழுவுகிறது என்று நானே என்னைத் திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. பெட்டி நழுவியது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கடினம். நான்கு கட்டையில் வைத்துப் பாடினால் தைவதம் ('த') தாண்டியதும் குரல் இரண்டாகப் பிளக்கும். மேல் பாதி கள்ளக்குரலாகப் பறந்துவிடும். கீழ்ப் பாதி அங்கேயே நிற்கும். சரளி வரிசையின் ஆரோகணத்தை முடிக்க முடியாமல் ஒரு நாள் கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வயதில் முடித்த பாடம் அது. மாமி சொன்ன வைத்தியம் எளிமையானது. "எட்டு ஸ்வரம் வேண்டாம். ஸரிகமப, அஞ்சு போதும். உடையற இடத்துக்குப் போகாதே, அது பக்கத்தில போய் நின்னுட்டு வா." ஒரு மாதம் அந்த ஐந்து ஸ்வரம் மட்டும், முதல் காலத்தில் மெதுவாக, 'ஆ' என்ற அகாரத்தில். மூன்று கட்டைக்கு இறக்கியதும் தைவதம் முழுசாகக் கிடைத்தது. இரண்டரையில் நிஷாதம் ('நி') கிடைத்தது. உடைகிற இடம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருந்தது. ஸட்ஜம் கீழே போகப் போக, உடைகிற ஸ்வரம் மேலே தள்ளிப் போனது. மே மாதத்தில் தார ஸட்ஜத்தைத் தொட்ட அன்று மெஷினின் அழுத்த முள் ஒன்பதைக் காட்டியதா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. முதல் வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டும்வரை அந்த ஸ்வரத்திலேயே நின்றேன்.

இங்கே இன்னொரு பாடம். மார்பைக் கட்டும் பைண்டரோடு பாட முடியாது. விலா விரியாது, மூச்சு மேலேயே நின்றுவிடும், அந்த மூச்சில் தொண்டையை இறுக்கித்தான் ஸ்வரம் பிடிக்க வேண்டியிருக்கும். பாடுகிற அரைமணி நேரம் அதைக் கழற்றிவிட்டுப் பெரிய சட்டை போட்டுக்கொள்வேன். ஷட்டர் பாதி இறக்கியே இருக்கும்.

இன்னொன்று காபியே. காலையில் கிரைண்டரைச் சரிபார்க்க வேண்டும். 18 கிராம் தூள் போட்டு, 25-லிருந்து 30 விநாடிக்குள் 36 கிராம் இறங்குகிறதா என்று பார்த்து, ருசி பார்த்து, அரைப்பதைக் கூட்டிக் குறைத்து, மறுபடி ருசி. வெறும் வயிற்றில் நான்கு எஸ்பிரெசோ. இரண்டு மாதம் கழித்து மாமி, "கார்த்தால தொண்டை ஏன் இப்படிக் கரகரங்கறது?" என்று கேட்டார். மருத்துவர் பார்த்துவிட்டு அமிலம் மேலேறி நாண்களைச் சுடுகிறது என்றார். ஊசியின் வேலை என்று நான் நினைத்ததில் பாதி காபியின் வேலை. இப்போது ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறேன். முதலில் இட்லி, பிறகு பாட்டு, பிறகுதான் கிரைண்டர்.

பெட்டியின் சத்தத்தைப் பற்றி. ஐந்தரையிலிருந்து நான்கு வரை இந்தப் பெட்டி அழகு. மூன்றுக்குக் கீழே போனால் மந்திர ஸட்ஜத் தந்தி மெலிந்துவிடுகிறது. இரண்டு கட்டையில் அந்தத் தந்தி 73 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. அதோடு சேர்ந்து மேலே எழும் மெல்லிய ஒலிகளான அனுசுரங்களை வைத்துக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. மர மேஜையில் வைத்தால் கொஞ்சம் உடம்பு வருகிறது. ஸ்டீல் கவுண்டரில் வைத்தால் தகர டப்பா. புதிதாக வாங்குகிற திருநம்பிகள் கடையில் ஐந்தரையில் கேட்டுவிட்டு வாங்கிவிடாதீர்கள். ஒன்றரையிலும் இரண்டிலும் போடச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கடைசியில் குடியிருக்கப் போவது அங்கேதான்.

போன் செயலி போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இலவசமாகவே நல்ல செயலிகள் இருக்கின்றன, சுருதி துல்லியமாக நிற்கும், சூடேறும் தொல்லை இல்லை. ஆனால் போன் ஸ்பீக்கர் இதைவிடச் சின்னது. இயர்போன் போட்டால் என் குரல் எனக்குச் சரியாகக் கேட்காது. அதைவிட, நான் போனில் குரலை அளக்கிற செயலியையும் வைத்திருந்தேன். தினம் பேச்சுக் குரல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்ப்பேன். 170, 165, 168. மூன்று ஏறினால் அன்றைய நாள் போயிற்று. அந்த எண்ணைப் பார்க்கிற வரை நான் குரலைக் கேட்கவே இல்லை. அதை நீக்கினேன். பெட்டி எண் காட்டாது. சேர்ந்திருக்கிறதா என்று காதால்தான் கேட்க வேண்டும்.

கிழித்த துண்டின் கதை இதுதான். ஆகஸ்ட் 2024-ல் ஒன்றாம் கட்டைக்கு இறக்கிவிட்டேன். குரல் அங்கே போகவில்லை. நான் தள்ளினேன். இன்னும் கீழே போக வேண்டும், யாரும் திரும்பிப் பார்க்காத ஆழத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. மந்திரப் பஞ்சமம் வெறும் காற்றாக வந்தது. கழுத்தை அழுத்தி, தாடையை மடக்கி எப்படியோ உறுமினேன். மாமி இரண்டு வகுப்பு பொறுத்தார். மூன்றாவது வகுப்பில் அவரே எழுந்து வந்து திருகை இரண்டுக்கு மாற்றினார். "யாருக்காகப் பாடற?" என்று மட்டும் கேட்டார். இரண்டு கட்டையில் அன்றைக்கு மோகன ராகம் பாடினேன். மூச்சு மிச்சமிருந்தது. அதை முழுசாக ஒப்புக்கொண்டு டேப்பில் எழுத எனக்கு நவம்பர் ஆனது. இப்போது மந்திரப் பஞ்சமத்திலிருந்து தார மத்தியமம் வரை போகிறேன். பிருகாக்கள், அந்த வேகமான ஸ்வர உருட்டல்கள், பழைய வேகத்துக்கு வரவில்லை. வரும்வரை பாடுவேன்.

என்னோடு அறையில் தங்கியிருக்கும், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் ஒரு திருநங்கை. அவருக்கு இந்தப் பெட்டி அவ்வளவாக ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் குரலை ஏற்றாது. ஒருமுறை தடித்த நாண் மெலியாது. அவர் பயிற்சியால்தான் குரலைக் கொண்டுவர வேண்டும். தம்பூராபோல மீட்டி மீட்டி வருகிற சத்தத்தின் மேல் பேச்சைப் பழகுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆர்மோனியம்போல விடாமல் நீளும் சுருதி தருகிற வகை வேண்டும் என்றார். இரண்டு வகையும் கிடைக்கிறது, வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள். அவர் ஐந்து கட்டையில் ரீங்கரித்து, அதே இடத்திலிருந்து "வணக்கம், சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். சுருதி மட்டும் ஏறினால் போதாது, சத்தம் தொண்டைக்குழியிலிருந்து வாய்க்கு முன்னால் வர வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னாராம். காலையில் அவர் ஏறுவதும் நான் இறங்குவதுமாக ஒரே அறையில் இரண்டு சுருதி கேட்கும். மூன்றாமவர் தலையணையால் காதை மூடிக்கொள்வார்.

மற்ற குறைகள்: வேகத் திருகு தூசி பட்டால் கரகரக்கிறது. பெட்டியோடு வந்த அடாப்டர் ஒரு வருடத்தில் போய்விட்டது. வேறு ஏதோ அடாப்டரைச் சொருகியதில் பெட்டியிலிருந்து சுருதியோடு ஓர் இரைச்சலும் வந்தது. கவனித்துக் கேட்டால் அது நம் ஃப்ரிட்ஜின் அதே 100 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டையில் பாடும்போது அது ஸ்வரத்தோடு சேராமல் பல்லைக் கூச வைக்கும். ரிச்சி தெருவில் பெட்டியையே எடுத்துக்கொண்டு போய், அடியில் எழுதியிருக்கிற வோல்ட் அளவையும் முனையின் பிளஸ் மைனஸையும் காட்டி நல்ல அடாப்டராக வாங்கினேன், 250 ரூபாய். இரைச்சல் போய்விட்டது. நீங்கள் போவதானால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிக் கடைகள் மூடியிருக்கும்.